இரண்டாவது பாதை எந்த வழியாகப் போகிறது?

ஆறு கட்டடங்கள். அவற்றுக்கிடையே தொலைபேசி, கணினித் தகவல், அபாய அறிவிப்பு எல்லாமே ஒரே வலையமைப்பில் ஓடுகின்றன. அவை ஒரு மருத்துவமனையின் கிளைகளாகவோ நீரேற்று நிலையங்களாகவோ மின் பகிர்மான நிலையங்களாகவோ இருக்கலாம். எங்கோ ஒரு கேபிள் அறுந்தாலும் தகவலுக்கு வழிகாட்டும் கருவியான ரவுட்டர் ஒன்று கருகினாலும் தொடர்பு நிற்கக் கூடாது. இதற்கு யோசனை கேட்டால் பல பதில்கள் வரும்: எல்லாவற்றையும் ஒரு மையத்தோடு இணைக்கலாம், வளையமாகக் கோக்கலாம், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் இணைக்கலாம், செயற்கைக்கோளை மாற்றாக வைக்கலாம், இரண்டு நிறுவனங்களிடம் சேவை வாங்கலாம். பணம் ஓரளவுக்குத்தான் இருக்கும். அதை முதலில் எதில் போடுவது?

பெரும்பாலோர் பாதைகளை எண்ணுவதில் தொடங்குகிறார்கள். அந்தப் பாதைகளுக்குள் பொதுவாக என்னென்ன இருக்கின்றன என்பதில்தான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் வடிவங்களைப் பற்றிய அடிப்படைக் கணக்கு தெரியாமல் அந்தப் பேச்சுக்குப் போக முடியாது.

ஒன்பது இணைப்புகளை எப்படிச் செலவிடலாம்

ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பரான், அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகு எஞ்சும் நிலையங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை 1960-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தார். 1964-இல் வெளிவந்த அறிக்கைகளில் அவர் மூன்று வடிவங்களை வரைந்து காட்டினார். முதலாவதில் எல்லாம் ஒரே மையத்தில் முடியும். இரண்டாவதில் சிறு மையங்கள் பல இருக்கும். மூன்றாவதில் மையமே இல்லாமல் எல்லாக் கணுக்களும், அதாவது நிலையங்களும், அண்டைக் கணுக்களோடு வலையாகப் பின்னப்பட்டிருக்கும். கணுக்களை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குக் குறைந்தபட்சம் தேவையானதைப்போல் மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தால், கணிசமான கணுக்கள் அழிந்த பிறகும் எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை தொடர்பில் இருக்கும் என்பது அவருடைய கணக்கு. பழுதே ஆகாத விலையுயர்ந்த கருவிகளைத் தேடுவதைவிட, சாதாரணக் கருவிகளைப் பல வழிகளில் பின்னுவது மேல் என்ற எண்ணம் அங்கிருந்து வேரூன்றியது.

நம் ஆறு கட்டடங்களுக்கு வருவோம். ஒன்றை மையமாக்கி மற்ற ஐந்தையும் அதனோடு இணைத்தால் 5 இணைப்புகள் போதும். எந்த இணைப்பு அறுந்தாலும் ஒரு கட்டடம் தனித்துவிடும். மையம் விழுந்தால் எல்லாமே விழும். இன்னும் ஒரே ஓர் இணைப்பைக் கூட்டி, ஆறையும் வளையமாக அமைத்துப் பாருங்கள். எந்த ஓர் இணைப்பு அறுந்தாலும், எந்த ஒரு கட்டடம் முடங்கினாலும் மற்றவை தொடர்பில் நீடிக்கும். ஓர் இணைப்புக்கு இவ்வளவு பலன் தரும் வேறு மாற்றம் வலையமைப்பு உலகில் இல்லை. வளையத்தின் எல்லையும் தெளிவானது. இரண்டு இடங்களில் அறுந்தால் அது இரண்டு துண்டாகிவிடும்.

அடுத்த படி ஒன்பது இணைப்புகள். இங்கேதான் உண்மையான தேர்வு வருகிறது, ஏனென்றால் ஒன்பதை இரண்டு விதமாகச் செலவிடலாம். முதல் விதம் இரட்டை மையம்: இரண்டு கட்டடங்களை மையமாக்கி, மற்ற நான்கையும் இரண்டோடும் இணைத்து, மையங்களையும் ஒன்றோடொன்று இணைப்பது. இரண்டாவது விதம், வளையத்தில் எதிரெதிராக நிற்கும் கட்டடங்களுக்கிடையே மூன்று குறுக்கிணைப்புகள் போடுவது. இரண்டிலும் எந்தக் கட்டடத்திலிருந்தும் எந்தக் கட்டடத்துக்கும் அதிகபட்சம் இரண்டே தாவல்தான், அதாவது இரண்டு இணைப்புகளைக் கடந்தால் போதும். ஆனால் இரட்டை மையத்தில், ஒரு கிளைக்குப் போகும் இரண்டு இணைப்புகளும் அறுந்தால் அந்தக் கிளை தனித்துவிடும். இரண்டு மையங்களும் விழுந்தால் நான்கு கிளைகளும் சிதறிவிடும். குறுக்கிணைப்புள்ள வளையத்தில் எந்த இரண்டு இணைப்புகளை அறுத்தாலும், எந்த இரண்டு கட்டடங்களை முடக்கினாலும் மற்றவை ஒன்றாகவே இருக்கும். இதை மெங்கரின் தேற்றம் 1927-லேயே பொதுவிதியாகச் சொல்லிவிட்டது. நேரடி இணைப்பில்லாத இரு கணுக்களைப் பிரிக்கக் குறைந்தது எத்தனை இடைக் கணுக்களை அகற்ற வேண்டுமோ, அவற்றுக்கிடையே அத்தனை தனித்தனிப் பாதைகள் இருக்கும்.

கணக்கின்படி குறுக்கிணைப்பே வெல்கிறது. நடைமுறையில் நான் இரட்டை மையத்தை முற்றாக ஒதுக்க மாட்டேன். எதிரெதிர்க் கட்டடங்கள்தான் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் இருப்பவை; குறுக்கிணைப்புகளின் நீளமும் செலவும் ஏறும். போக்குவரத்தில் பெரும்பங்கு இரண்டு சர்வர் அறைகளை நோக்கியே போகிறது என்றால், அந்த இரண்டு அறைகளுக்கும் நல்ல மின்வசதியும் பழகிய ஊழியர்களும் இருக்கிறார்கள் என்றால், இரட்டை மையத்தைப் பராமரிப்பதும் பழுது கண்டுபிடிப்பதும் எளிது. கட்டடங்கள் தங்களுக்குள் சமமாகப் பேசிக்கொள்பவை என்றால் குறுக்கிணைப்புள்ள வளையம்தான் சரி. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் முழு மெஷ்ஷுக்கு 15 இணைப்புகள் வேண்டும். ஆறு கட்டடங்களுக்கே அது மிகை. கட்டடங்கள் இருபதானால் எண்ணிக்கை 190 ஆகிவிடும்.

வரைபடத்தில் இரண்டு, மண்ணுக்கடியில் ஒன்று

இதுவரை சொன்ன கணக்கு முழுவதும் ஒரே ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: ஒவ்வோர் இணைப்பும் தன் காரணத்துக்காகத் தனியே பழுதாகிறது என்பது. பரானின் கணக்கிலும் கணுக்கள் அப்படித்தான் அழிந்தன. மண்ணுக்கடியில் நிலைமை வேறு. ஒரு கட்டடத்திலிருந்து புறப்படும் ஐந்து கேபிள்களும் ஒரே குழாய் வழியாகச் சாலையை அடைந்தால், வரைபடத்தில் ஐந்தாகத் தெரிவது மண்வாரி இயந்திரத்துக்கு ஒன்றுதான்.

2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹோவர்ட் தெருச் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் ஒன்று தடம் புரண்டு தீப்பிடித்தது. அந்தச் சுரங்கம் வழியாகப் பல தொலைத்தொடர்பு நிறுவனங்களின், ஒளி வழியே தகவல் கடத்தும் இழைக் கேபிள்கள் போய்க்கொண்டிருந்தன. ரயில் பாதை, சுரங்கம், பாலம் ஆகியவை கேபிள் பதிக்க வசதியானவை என்பதால் போட்டி நிறுவனங்களும் அங்கே ஒன்றுகூடிவிடுகின்றன. கடலுக்கடியிலும் இதே கதைதான். 2006 டிசம்பர் 26 அன்று தைவானின் தென்முனைக்கருகே ஹெங்சுன் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம், தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இடையிலுள்ள லூசோன் நீரிணையில் அருகருகே கிடந்த பல கேபிள்களை ஒரே இரவில் அறுத்தது. சீர்செய்ய வாரக்கணக்கில் ஆனது. நிறுவனங்கள் வேறு, உரிமையாளர்கள் வேறு, கடற்படுகை ஒன்று.

கட்டடமும் பொதுவாகிவிடும். சிகாகோவின் புறநகரான ஹின்ஸ்டேலில் 1988 மே 8 அன்று ஒரு தொலைபேசி நிலையம் எரிந்தபோது, அதனோடு நேரடியாக இணைந்திருந்த சுமார் 35,000 வாடிக்கையாளர்கள் மட்டும் பாதிக்கப்படவில்லை. பல வழித்தடங்கள் அந்த ஒரே கட்டடத்தில் சந்தித்ததால் விமானப் போக்குவரத்துத் தகவல் தொடர்பு வரை பாதிப்பு நீண்டது.

இதன் விலை என்ன என்பதை எண்களில் பார்த்தால் யாரும் மறக்க மாட்டார்கள். ஓர் இணைப்பு ஆண்டில் 99 விழுக்காட்டு நேரம் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 87.6 மணி நேரம் அது செயலற்றிருக்கும். அப்படிப்பட்ட இரண்டு இணைப்புகள் முற்றிலும் தனித்தனியாகப் பழுதாகுமானால், இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்திருக்கும் காலம் ஆண்டுக்கு 53 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். இப்போது அந்தப் பழுது நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் பொதுக் காரணத்தால் வருகிறது என்று மாற்றுங்கள்: ஒரே குழாய், ஒரே மின்சாரம், ஏதோ ஒன்று. பொதுக் காரணமே 8.76 மணி நேரத்தைத் தின்றுவிடும். தனிக் காரணங்கள் தற்செயலாக ஒரே நேரத்தில் நேர்வதால் இன்னும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் ஒன்பதரை மணி நேரம். அதே குழாயில் மூன்றாவது இணைப்பைப் போட்டாலும் நான்காவதைப் போட்டாலும் 8.76 என்ற அடித்தளம் அசையாது. பொதுக் காரணத்தைப் பாதியாக்கினால் மட்டுமே அந்த எண் பாதியாகும். மூன்றாவது கேபிளுக்கான பணத்தை, இரண்டாவது கேபிள் கட்டடத்தின் வேறு வாசல் வழியாக வெளியேறுவதற்குச் செலவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டு நிறுவனங்களிடம் சேவை வாங்கினால் இது தானாகத் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது ஆபத்தான நம்பிக்கை. நிறுவனங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று இழைகளைக் குத்தகைக்கு எடுக்கின்றன. இரண்டு பில்கள் வரும், கேபிள் ஒன்றாக இருக்கும். கேட்கவேண்டியது வழித்தட வரைபடம்: எந்தச் சாலை, எந்தக் குழாய், எந்தப் பாலம், எந்த இணைப்பகம் என்று. அதற்கும் மேல் ஒன்று உண்டு. தொடக்கத்தில் தனித்தனியாக இருந்த பாதைகள் சில ஆண்டுகளில், சேவை நிறுவனம் தன் வசதிக்காகச் செய்யும் மறுசீரமைப்பில், சத்தமில்லாமல் ஒரே கேபிளுக்கு வந்துவிடுகின்றன. வாடிக்கையாளரின் ஒப்புதல் இல்லாமல் வழித்தடத்தை மாற்றக் கூடாது என்ற விதியை ஒப்பந்தத்தில் சேர்த்து, ஆண்டுக்கொரு முறை வரைபடத்தை மறுபடி வாங்கிப் பார்க்காவிட்டால், முதல் நாள் வாங்கிய தனிமைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

வேறு ஊடகம்

இரண்டாவது பாதையும் இழைக் கேபிள்தான் என்றால் வேகமும் தாமதமும் முதல் பாதையைப் போலவே இருக்கும். மாறியதே பயனருக்குத் தெரியாது. பாதையின் தனிமையை உறுதிசெய்ய முடிந்தால் இதுவே முதல் தேர்வு. உறுதிசெய்ய முடியாத இடங்களில், காற்றுவழி ரேடியோ இணைப்பான மைக்ரோவேவ் எனக்குப் பிடித்த மாற்று. கோபுரத்துக்குக் கோபுரம் நேர்ப்பார்வை வேண்டும், 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளில் கனமழை சமிக்ஞையைத் தின்னும், இழையின் கொள்ளளவு வராது. ஆனால் சாலை தோண்டுவதால் அது அறுவதில்லை. இழையைக் கொல்லும் காரணமும் மைக்ரோவேவைக் கொல்லும் காரணமும் வேறுவேறு என்ற அந்த ஒரு பண்புக்காகவே அதன் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். 2023 பிப்ரவரியில் தைவானின் மாட்சு தீவுகளுக்குச் செல்லும் இரண்டு கடலடிக் கேபிள்களும் சில நாள் இடைவெளியில் அறுந்தபோது, மைக்ரோவேவ் இணைப்புதான் மெதுவாகவேனும் தொடர்பைத் தாங்கிப் பிடித்தது.

கைபேசி வலையமைப்பு மலிவு, அரை நாளில் நிறுவிவிடலாம். ஆனால் அதன் கோபுரங்கள் பெரும்பாலும் நீங்கள் தப்பிக்க நினைக்கும் அதே இழைக் கேபிளில்தான் இணைந்திருக்கும். மின்சாரம் போனால் பேட்டரி தாங்கும் வரைதான். 2017 செப்டம்பரில் மரியா சூறாவளிக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோவின் கைபேசிக் கோபுரங்களில் 95 விழுக்காடு அளவுக்குச் செயலிழந்தன. ஒரு தனிக் கேபிள் அறும் சிறு பழுதுக்கு இது நல்ல மாற்று. ஊரே பாதிக்கப்படும் பேரிடருக்கு இதை நம்பக் கூடாது.

செயற்கைக்கோள் நேர் எதிர். தரையில் என்ன நடந்தாலும் உங்கள் ஆன்டெனாவுக்கும் அதன் மின்சாரத்துக்கும் குறையில்லை என்றால் வானத்துப் பாதை திறந்தே இருக்கும். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியே கேள்வி போய்ப் பதில் வர அரை வினாடிக்குமேல் ஆகும். பேசலாம், ஆனால் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொள்வார்கள். சுமார் 550 கிலோமீட்டரில் பறக்கும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் இது சில பத்து மில்லிவினாடிகளாகக் குறைந்துவிட்டதால், மாற்றுப் பாதையாக அவற்றின் மதிப்பு பெரிதும் கூடியிருக்கிறது. 2022 ஜனவரி 15 அன்று எரிமலை வெடித்து டோங்காவின் ஒரே பன்னாட்டுக் கேபிள் அறுந்தபின், அது சீராகும் வரை ஏறத்தாழ ஐந்து வாரங்கள் அந்த நாடு செயற்கைக்கோளை நம்பியே வெளியுலகோடு பேசியது. கொள்ளளவு குறைவு என்பதால், எது முதலில் போகவேண்டும் என்ற முன்னுரிமை விதிகள் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கொள்ளளவு பற்றி இன்னொன்று. இரண்டு பாதைகளிலும் தலா 70 விழுக்காடு போக்குவரத்து ஓடுகிறது என்றால் உங்களிடம் மாற்றுப் பாதை கிடையாது. ஒன்று விழுந்தால் மற்றதன்மேல் 140 விழுக்காடு ஏறும், எல்லாருக்கும் எல்லாமும் கெடும். ஒவ்வொன்றையும் பாதிக்குள் வைத்திருங்கள், அல்லது பழுது நேரத்தில் எதை நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு விரைவில் மாறுவது

மாற்றுப் பாதை இருப்பது ஒன்று, அதற்கு மாறும் வேகம் வேறொன்று. தொலைத்தொடர்பு நிறுவனங்களின் இழைக் கடத்துமுறையான எஸ்.டி.ஹெச். வளையங்கள் வகுத்த 50 மில்லிவினாடி என்ற அளவுகோல் இன்றும் மேற்கோளாக நிற்கிறது. அந்த இடைவெளியைத் தொலைபேசியில் பேசுபவர் உணர்வதே இல்லை. இதைப் பெற ஒரே தகவலை இரண்டு பாதைகளிலும் எப்போதும் அனுப்பி, பெறுமுனையில் நல்லதைத் தேர்ந்தெடுக்கலாம். தகவலுக்கு அடையாளச் சீட்டு ஒட்டி வழிநடத்தும் எம்.பி.எல்.எஸ். வலையமைப்புகளில், மாற்றுப் பாதையை முன்பே கணித்து ரவுட்டருக்குள் தயாராக வைக்கலாம். எதுவும் செய்யாமல் இயல்பு அமைப்பிலேயே விட்டால், ஒரு நிறுவனத்துக்குள் ரவுட்டர்கள் வழி கண்டறியப் பயன்படுத்தும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை அண்டை ரவுட்டர் இறந்ததென்று முடிவுகட்டப் பொதுவாக 40 வினாடிகள் காத்திருக்கும்; வெவ்வேறு நிறுவனங்களின் வலையமைப்புகளுக்கிடையே வழி சொல்லும் பி.ஜி.பி.க்கு நெறிமுறை ஆவணம் பரிந்துரைப்பது 90 வினாடிகள். அதற்குள் எல்லாரும் தொலைபேசியை வைத்துவிட்டிருப்பார்கள்.

கேபிள் முழுதாக அறுந்தால் ஒளி நின்றுவிடும், கருவி உடனே உணரும். தொல்லை தருவது அரைகுறைப் பழுது: விளக்கு பச்சையாக எரியும், ஒரு திசையில் மட்டும் பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், தொலையும். இதைப் பிடிக்க, அண்டைக் கருவி பதில் தருகிறதா என்று அடிக்கடி கேட்கும் பி.எஃப்.டி. போன்ற விரைவு விசாரிப்பு நெறிமுறை உதவுகிறது. அதையும் மிகக் கூர்மையாக வைத்தால், மழையில் தள்ளாடும் மைக்ரோவேவ் இணைப்பு வினாடிக்கொரு முறை விழுந்து எழுந்து, வலையமைப்பு முழுவதையும் மறுகணிப்பில் தள்ளாட வைக்கும். விழுவதை விரைவாகவும், மீண்டு வந்ததை நிதானமாகவும் நம்பும்படி அமைப்பது நல்லது. குரலும் இயந்திரக் கட்டுப்பாடும் இல்லாத வலையமைப்பில் சில வினாடித் தாமதத்துக்காகப் பெரும் பணம் செலவிடத் தேவையில்லை.

எல்லாக் கணுவிலும் இருக்கும் ஒரே பிழை

கடந்த சில பத்தாண்டுகளின் பெரிய முடக்கங்களில் கேபிள் அறுந்தே இராத நிகழ்வுகள் பல. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏடி அண்ட் டி தொலைதூர வலையமைப்பில், அழைப்புகளை இணைக்கும் கருவியான சுவிட்ச் ஒன்று தன்னைத்தானே மீட்டுக்கொண்டு, ‘நான் திரும்பிவிட்டேன்’ என்ற பொருளில் அண்டைகளுக்குச் செய்தி அனுப்பியது. அந்தச் செய்தியைக் கையாளும் மென்பொருளில் பிழை இருந்தது. அண்டைகள் விழுந்து, எழுந்து, அதே செய்தியைப் பரப்பின. 114 சுவிட்சுகளிலும் ஒரே மென்பொருள் என்பதால் ஒன்பது மணி நேரம் வலையமைப்பு தடுமாறியது. பாதைகள் ஏராளமாக இருந்தன. பிழை பரவவும் அவையே வழியாயின.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பு ஒரு பராமரிப்புக் கட்டளையால் துண்டிக்கப்பட்டு, ஏறத்தாழ ஆறு மணி நேரம் அதன் சேவைகள் மறைந்தன. சரிசெய்ய வேண்டிய கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் மீட்பு இழுபட்டது. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸில் ஓர் அமைப்பு மாற்றம் மைய ரவுட்டர்களை மூழ்கடித்தது. கைபேசிக்கும் வீட்டு இணையத்துக்கும் மையம் ஒன்றே என்பதால் இரண்டும் சேர்ந்து விழுந்தன, 1.2 கோடிக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அங்கும் பொறியாளர்கள் ரவுட்டர்களை அடையும் வழி, விழுந்த வலையமைப்புக்குள்ளேயே இருந்தது.

ஆகவே, மூன்றாவது தகவல் பாதை வேண்டுமா, நிர்வாகத்துக்கென்று தனிப் பாதை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், நான் தயங்காமல் நிர்வாகப் பாதையைத் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு ரவுட்டரின் கன்சோலுக்கும், அதாவது கட்டளையிடும் நேரடி முனைக்கும், வேறொரு நிறுவனத்தின் சிறிய இணைப்பு. முதன்மை வலையமைப்பில் பெயரைக் கொண்டு முகவரி கண்டறியும் பெயர்ச் சேவையையோ கடவுச்சொல் சேவையையோ நம்பாத நுழைவு. இதற்குச் செலவு குறைவு, பலன் மிகப் பெரிது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ரவுட்டர்களைக் கலந்து வாங்குவது மென்பொருள் பிழை பரவாமல் தடுக்கும். ஆனால் இரண்டையும் நன்கறிந்த ஊழியர்கள் இல்லையென்றால் மனிதத் தவறு கூடும். சிறிய குழுவுக்கு ஒரே வகைக் கருவியும், இணையான இரண்டு ரவுட்டர்களை ஒரே வாரத்தில் புதுப்பிக்காத கட்டுப்பாடும் போதும்.

பணத்தைப் போடும் வரிசை

குறைந்த பணம் இருப்பவர்கள் மையத்தோடு இணைக்கும் வடிவத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கிளைக்கும் வேறு ஊடகத்தில் மெதுவான இரண்டாவது பாதையும், மையத்துக்கு உறுதியான மின்வசதியும், நிர்வாகத் தனிப்பாதையும் அமைக்கலாம். நடுத்தர நிலையில் வழித்தடம் சரிபார்க்கப்பட்ட வளையம், அதில் ஒன்றிரண்டு குறுக்கிணைப்புகள்; அவற்றில் ஒன்றாவது மைக்ரோவேவாக இருக்கட்டும். உயிர்காக்கும் சேவையென்றால் ஒன்பது இணைப்பு வடிவத்துக்குப் போகலாம். எந்த நிலையிலும் திட்டமிட்ட நேரத்தில், ஊழியர்கள் சுற்றி நிற்கும்போதே, கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றிப் பார்க்காத மாற்றுப் பாதை வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

எத்தனை பாதை போட்டாலும் ஒரு நாள் ஏதாவது ஒரு கட்டடம் தனித்துவிடக்கூடும். அந்த நாளுக்கென்று ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் சில சேவைகளை வைத்திருப்பது மற்ற எல்லாவற்றையும்விட மலிவானது: உள்ளூர் தொலைபேசி மாற்றகம், பெயர்ச் சேவையின் நகல், மையத்தைக் கேட்காமலே ஊழியரை அனுமதிக்கும் நுழைவுமுறை, முக்கியப் பதிவுகளின் பிரதி. இதில் யோசித்துச் செய்ய வேண்டியது பதிவுகளைத் திருத்தும் உரிமை. துண்டிப்பின்போது இரண்டு பக்கமும் ஒரே பதிவை மாற்றினால், இணைந்தபின் எது சரி என்று இயந்திரத்தால் சொல்ல முடியாது. குறிப்புகள், அளவீடுகள் போன்றவற்றை இரு பக்கமும் எழுதலாம், பிறகு நேர வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். மருந்து இருப்பு, வால்வின் திறப்பு நிலை போன்றவற்றுக்கு ஒரே ஓர் உரிமையாளர்தான் இருக்க முடியும். வால்வு நிற்கும் கட்டடமே வால்வுக்கு உரிமையாளர், மருந்து இருக்கும் அறையே மருந்துக் கணக்குக்கு உரிமையாளர் என்று வைத்தால், மையத்தோடு தொடர்பு அறுந்த நிலையிலும் அந்தந்த இடத்தில் வேலை நடக்கும்.